கத்தரிக்குத் தப்பிய ஆட்டங்கள்

1938இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'கோயிங் பிளேசஸ்' படத்தை இன்று யாரும் கதைக்காகத் தேடிப் பார்ப்பதில்லை. குதிரைப் பந்தயம், ஆள்மாறாட்டம், காதல் என்று போகும் சாதாரண நகைச்சுவைப் படம் அது. ஆனால் அதில் லூயி ஆம்ஸ்ட்ராங் ஒரு குதிரைக்குப் பாட்டுப் பாடும் சில நிமிடங்களை ரசிகர்கள் இன்றும் தேடி எடுத்துப் பார்க்கிறார்கள். படத்தில் அவர் லாயத்தில் குதிரை பராமரிப்பவர். முரட்டுக் குதிரை அவருடைய இசைக்குத்தான் அடங்கும். குதிரையின் பெயர் ஜீப்பர்ஸ் கிரீப்பர்ஸ். பாட்டின் பெயரும் அதுவே. ஹாரி வாரன் மெட்டுக்கு ஜானி மெர்சர் எழுதிய அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

1920களின் நடுவில் சிகாகோவில் பதிவான இசைத்தட்டுகளிலேயே ஆம்ஸ்ட்ராங் ஜாஸின் போக்கை மாற்றிவிட்டார். தனி ஆளாக எழுந்து நின்று, மெட்டைத் தன் போக்கில் விரித்துக்கொண்டு போகும் கலையை அந்த இசைக்குக் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். அப்படிப்பட்டவருக்குத் திரையில் கிடைத்த இடம் குதிரை லாயம். ஆனாலும் பாட்டு தொடங்கியதும் லாயம் மறந்துபோகிறது. கண்களை உருட்டி, ஒவ்வொரு சொல்லையும் தாளத்துக்குச் சற்றே பின்தங்க விட்டு அவர் பாடும்போது கதாநாயகனும் பந்தயமும் நம் கவனத்திலிருந்து விலகிவிடுகிறார்கள். அந்தக் காட்சியின் கவர்ச்சியும் அவமதிப்பும் ஒரே சட்டகத்துக்குள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட என்னால் முடியவில்லை.

பேசும்படம் வந்த முதல் பதினைந்து, இருபது ஆண்டுகளில் ஹாலிவுட் எடுத்த ஜாஸ் ஆட்டபாட்டக் காட்சிகளில் மிகச் சிறந்தவை பலவும் இப்படித்தான் இருக்கின்றன: கதையோடு ஒட்டாமல், தனியே கழற்றி எடுக்கும்படி. இதைப் படைப்பின் பலவீனம் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். அந்தக் காட்சிகள் தனித்து நின்றதற்குத் தொழில்நுட்பம் ஒரு காரணம், வியாபாரம் ஒரு காரணம், நிறவெறி ஒரு பெரிய காரணம். எடுத்தவர்களின் நோக்கம் எதுவானாலும், அந்தத் தனிமைதான் கலைஞர்களைக் காப்பாற்றியது. கதைக்குள் அவர்கள் வேலைக்காரர்கள். கதை நின்ற இடத்தில் அவர்கள் அவர்களாக இருந்தார்கள்.

தொடக்கத்திலிருந்தே திரையிசை தனித்துண்டாகத்தான் வந்தது. 1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் வார்னர் நிறுவனம் 'டான் ஹுவான்' படத்தை வைட்டாஃபோன் ஒலியோடு திரையிட்டது. அந்த முழுநீளப் படத்தில் யாரும் பேசவில்லை. பின்னணி இசையும் சில ஓசைகளும் மட்டும் சேர்த்திருந்தார்கள். அதற்கு முன்னால் காட்டிய குறும்படங்களில்தான் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தங்கள் சொந்தக் குரலோடும் நாதத்தோடும் திரையில் தோன்றினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மேடைக் கலைஞர்களையும் நடனக்காரர்களையும் ஜாஸ் குழுக்களையும் வைத்து இப்படி நூற்றுக்கணக்கான குறும்படங்கள் வந்தன. ஒரு குழு, ஓர் அரங்கு, இரண்டு மூன்று பாட்டு, அவ்வளவுதான்.

வைட்டாஃபோன் வேலை செய்த விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். படச்சுருளில் ஒலி கிடையாது. 16 அங்குல விட்டமுள்ள இசைத்தட்டு ஒன்று நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்று வேகத்தில் புரொஜெக்டரோடு இணைந்து சுழலும். முள் தட்டின் உள்விளிம்பில் தொடங்கி வெளியே நகரும். ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 11 நிமிடம். ஒரு ரீலின் நீளம் அது. படம் அறுந்து பத்துச் சட்டகம் வீணானால், அந்த இடத்தில் பத்துக் கறுப்புச் சட்டகங்களை ஒட்டியே தீர வேண்டும். தவறினால் வாயசைப்பு ஓரிடம், குரல் ஓரிடம். படப்பிடிப்பிலும் இதே கெடுபிடி. காமிராவின் இரைச்சல் மைக்கில் விழாதிருக்க, காமிராவையும் அதை இயக்குபவரையும் சேர்த்து ஒலி புகாத கூண்டுக்குள் அடைத்தார்கள். கூண்டு நகராது. பாட்டும் வாத்தியமும் அங்கேயே, அப்போதே பதிவாகின.

இந்தக் கட்டுப்பாடுகளை அந்தக் காலத் தொழிலாளர்கள் சபித்திருப்பார்கள். பார்வையாளனுக்கு அவற்றால் கிடைத்தது பெரிய நன்மை. காமிரா ஓட முடியாததால் ஆடுபவரின் உடல் தலை முதல் கால் வரை தெரிகிறது. ஒலியைப் பிறகு மாற்ற முடியாததால் காலணி மரப்பலகையில் படும் சத்தம், பாடகர் மூச்சிழுக்கும் சத்தம், அரங்கின் லேசான எதிரொலி எல்லாம் அப்படியே இருக்கின்றன. பின்னாளில் எத்தனையோ பிரம்மாண்டமான நடனக் காட்சிகள் வந்தும் இந்தச் சிறிய துண்டுகள் நமக்கு நெருக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

1927 அக்டோபர் 6 அன்று வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள். அதன் நாயகன் ஆல் ஜோல்சனின் துடிப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதில் ஜாஸ் மிகக் குறைவு. கறுப்பர்களின் இசையைச் சுட்டுவதற்கு வெள்ளைப் பாடகர் முகத்தில் கரி பூசிக்கொள்ளும் பழைய மேடை வழக்கம்தான் அதிகம். ஜாஸைத் திரையில் தேடுபவர் அங்கே நிற்காமல் 1929க்கு வருவது நல்லது.

அந்த ஆண்டு இரண்டு முக்கியமான காரியங்கள் நடந்தன. முதலாவது எம்ஜிஎம் நிறுவனத்தின் 'தி பிராட்வே மெலடி'. சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் பேசும்படம். அதில் ஒரு பெரிய நடனக் காட்சி எடுத்து முடிந்ததும் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்குக்குப் பிடிக்கவில்லை. மறுபடி எடுக்கச் சொன்னார். ஒலி நன்றாகத்தானே பதிவாகியிருக்கிறது, அதையே ஒலிபெருக்கியில் ஓடவிட்டு ஆடச் சொல்லலாமே என்று ஒலிப்பதிவுத் துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர் யோசனை சொன்னார். வாத்தியக்குழுவுக்கு இன்னொரு நாள் சம்பளம் மிச்சமாயிற்று, காமிராவும் கூண்டை விட்டு வெளியே வந்தது. நம் ஊர்ப் பாட்டுப் படப்பிடிப்பில் நாகரா ஒலிப்பதிவுக் கருவியும் ஸ்பீக்கரும் வைத்து நடத்திய பிளேபேக் முறையின் வேர் இந்தச் செலவு மிச்சத்தில் இருக்கிறது.

ஜாஸுக்கு இதில் ஓர் இழப்பும் உண்டு. அது அந்தக் கணத்தில் பிறக்கும் இசை. முன்பே பதிவான தன் வாசிப்புக்கே ஒரு டிரம்பெட்காரர் விரலசைக்க வேண்டியிருந்தால், அவர் தன்னையே நகலெடுக்க வேண்டியவராகிறார். 1930களின் பல படங்களில் வாத்தியக்காரர்களின் முகத்தில் கவனத்துக்குப் பதிலாக ஒரு பொய்ச் சிரிப்பு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். நடனக்காரர்கள் மட்டும் இதிலிருந்து தப்பினார்கள். ஒலி முன்பே பதிவானாலும் உடல் அந்தக் கணத்தில்தான் தாவ வேண்டும். முன்பதிவு அங்கே உதவாது.

1929இல் நடந்த இன்னொரு காரியம் ஹாலிவுட்டுக்கு வெளியே, நியூயார்க்கில் நடந்தது. டட்லி மர்ஃபி என்ற இயக்குநர் ஆர்கேஓ நிறுவனத்துக்காக இரண்டு குறும்படங்கள் எடுத்தார். 'செயின்ட் லூயி ப்ளூஸ்' ஒன்று, 'பிளாக் அண்ட் டேன்' மற்றொன்று. முதலாவதில் பெஸ்ஸி ஸ்மித். ப்ளூஸ் பாடகிகளின் அரசி என்று அமெரிக்கா கொண்டாடிய அவர் திரையில் தோன்றியது இந்தப் படத்தில் மட்டும்தான். காதலன் அடித்துப் போட்டுவிட்டுப் போன பெண்ணாக, மதுக்கடை மேடையில் சாய்ந்துகொண்டு, முன்னால் ஒரு கோப்பையோடு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் பாடத் தொடங்குகிறார். மெல்ல மெல்லக் கடையில் இருப்பவர்கள் எல்லாரும் கூட்டுக்குரலாகச் சேர்கிறார்கள். நாடகத்தனமான கதைதான். ஆனால் அந்தக் குரல் சுவரில் மோதித் திரும்பும் கனத்தை எந்த இசைத்தட்டிலும் இப்படிக் கண்ணால் காண முடியாது. 1937இல் கார் விபத்தில் அவர் இறந்தார்.

'பிளாக் அண்ட் டேன்' படத்தில் டியூக் எலிங்டன் டியூக் எலிங்டனாகவே வருகிறார். சிறிய அறை. பியானோவில் அவர், பக்கத்தில் டிரம்பெட்டோடு ஆர்தர் வெட்சல். புது இசைக்கோவை ஒன்றை இருவரும் வாசித்துப் பார்க்கிறார்கள். தவணை கட்டாததால் பியானோவைத் தூக்கிப்போக இரண்டு பேர் வருகிறார்கள். எலிங்டனின் தோழியாக நடிக்கும் ஃப்ரெடி வாஷிங்டன் ஒரு ஜின் பாட்டிலைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்புகிறார். வந்த இருவரையும் எழுத்தறியாத கோமாளிகளாகக் காட்டியிருப்பது அன்றைய வழக்கத்தின் கறை. அந்தக் கேலிக்கு நடுவில் எலிங்டன் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். நல்ல உடை, தணிந்த குரல், ஒரு சொல் கூட வீணில்லாத நிதானம். வேலைக்காரராகவோ கோமாளியாகவோ இல்லாமல், இசையமைப்பாளராகவே ஒரு கறுப்பின மனிதரை அமெரிக்கத் திரை காட்டிய மிகப் பழைய தருணங்களில் இது ஒன்று.

பிறகு கேளிக்கை விடுதிக்குப் போகிறோம். எலிங்டன் குழு 1927 டிசம்பர் முதல் ஹார்லெமில் காட்டன் கிளப்பில் வாசித்து வந்தது. மேடையில் எல்லாரும் கறுப்பர். பார்வையாளர் வெள்ளையர் மட்டும். படத்தில் வரும் விடுதி அதன் சாயல். தரை கண்ணாடிபோல் பளபளக்கிறது. ஐந்து ஆடவர் ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டி வரிசையாக நின்று ஆடுகிறார்கள். முன்னவரின் முழங்காலுக்கும் பின்னவரின் முழங்காலுக்கும் இடையே ஒரு விரல் புகாது. ஒருவர் அரை நொடி தவறினாலும் ஐவரும் விழுவார்கள். தரையில் அவர்களுடைய தலைகீழ் பிம்பமும் கூடவே ஆடுகிறது. இதய நோயாளியான ஃப்ரெடி ஆடும்போது அவர் கண்ணில் மயக்கம் சூழ்வதைக் காட்ட மர்ஃபி ஒரே பிம்பத்தைப் பல கூறுகளாக உடைக்கிறார். ஐரோப்பியப் பரிசோதனைப் படங்களில் பழகிய கை அவருடையது. ஓவியர் ஃபெர்னான் லெஜேயோடு சேர்ந்து 'பாலே மெக்கானிக்' எடுத்தவர். அந்த உத்தி இங்கே வெறும் அலங்காரமாக இல்லாமல் ஒரு பெண்ணின் தலைசுற்றலாக மாறியிருக்கிறது. சுமார் 19 நிமிடப் படம். இந்தக் காலத்துப் படங்களில் எனக்கு மிகவும் வேண்டியது எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதற்கு நேர் எதிர்முனையில் யுனிவர்சல் நிறுவனத்தின் 'கிங் ஆஃப் ஜாஸ்' (1930) நிற்கிறது. அரசர் பட்டம் பால் ஒயிட்மனுக்கு. 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் ப்ளூ'வை முதலில் அரங்கேற்றிய குழு அவருடையது. துள்ளலான எந்த நடன இசையையும் ஜாஸ் என்று அழைத்த காலம் அது. முழுப் படமும் இருவண்ண டெக்னிகலரில். அந்த முறையில் சிவப்பும் பச்சையும்தான் உண்டு, நீலம் வராது. பெயரிலேயே நீலம் இருக்கும் இசைக்கு என்ன செய்வது? துணியிலும் சாயத்திலும் சோதனை செய்து, பச்சை கலந்த ஒரு நீலச்சாயலைக் கொண்டுவந்தார்கள். ராட்சத பியானோ ஒன்றின் மூடி திறக்க, உள்ளே முழு வாத்தியக்குழுவும் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கலை இயக்கத்துக்காக ஹெர்மன் ரோஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது. இளம் பிங் கிராஸ்பி மூவர் குழுவில் பாடுகிறார். வயலினோடு ஜோ வெனூட்டியும் கிதாரோடு எடி லாங்கும் சேர்ந்து வாசிக்கும் சிறு பகுதி ஒன்று உண்டு. படத்தில் உண்மையான ஜாஸ் மூச்சு விடுவது அந்த இடத்தில்தான்.

'ராப்சடி' தொடங்குவதற்கு முன் ஒயிட்மனே தோன்றி, ஜாஸ் ஆப்பிரிக்கக் காடுகளில் முரசொலியோடு பிறந்தது என்கிறார். உடனே ஒரு வெள்ளை நடனக்காரர் உடலெல்லாம் கறுப்புப் பூசிக்கொண்டு பெரிய முரசின்மேல் ஆடுகிறார். படத்தின் இறுதிக் காட்சியில் பல நாட்டு இசைகள் ஒரு பெரிய கொப்பரையில் கலந்து அமெரிக்க இசையாக உருகுகின்றன. இத்தாலி வருகிறது, ஸ்காட்லாந்து வருகிறது, ஸ்பெயின் வருகிறது. ஆப்பிரிக்கா வரவில்லை. படம் முழுக்க ஓடிய இசைக்கு எது பிறப்பிடம் என்று தாங்களே சொன்னார்களோ, அதைக் கொப்பரைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அக்காலத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அதே 1930இல் 'செக் அண்ட் டபுள் செக்' என்ற ஆர்கேஓ படத்தில் எலிங்டன் குழு வாசித்தது. குழுவில் கிளாரினெட் வாசித்த பார்னி பிகார்ட் நியூ ஆர்லியன்ஸ் கிரியோல். டிராம்போன் வாசித்த ஹுவான் டிசோல் போர்ட்டோ ரிக்கோக்காரர். இருவரும் வெளிர் நிறம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவில் அமர்ந்திருப்பதாகப் பார்வையாளர் எண்ணிவிடக் கூடாதென்று இருவர் முகத்திலும் கருமை பூசினார்கள்.

ஒரே ஆண்டில் அளவுக்கு மீறி இசைப்படங்கள் வந்ததில் மக்களுக்குச் சலித்துவிட்டது. 1930 கடைசியிலும் 1931இலும் எடுத்த பாட்டுகளையே வெட்டிவிட்டு வெளியிட்ட படங்கள் உண்டு. 1933இல் வார்னரின் '42ஆம் தெரு' படத்தோடு அலை திரும்பியது. அதற்குக் காரணமான நடன அமைப்பாளர் பஸ்பி பெர்க்லி முதல் உலகப்போரில் பிரான்ஸில் சிப்பாய்களுக்கு அணிவகுப்பு அமைத்தவர். மேலிருந்து பார்த்தால் நடனமாதர் பூவிதழாகவும் சக்கரமாகவும் விரியும் அவருடைய காட்சிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. கண்ணுக்கு விருந்து, சந்தேகமில்லை. ஆனால் அங்கே உடல் தாளத்துக்குப் பதில் சொல்வதில்லை, வடிவத்துக்குக் கட்டுப்படுகிறது. ஜாஸ் நடனம் வேறு குணம் உடையது.

ஆனாலும் 'கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் 1933' படத்தின் இறுதிக் காட்சிக்கு முன்னால் இந்தக் குறையைச் சொல்ல எனக்கு வாய் வராது. பொருளாதார வீழ்ச்சியின் மிக மோசமான ஆண்டுகள். அதற்கு முந்திய 1932இல்தான் முதல் உலகப்போர் வீரர்கள் தங்களுக்குச் சேரவேண்டிய போனஸைக் கேட்டு வாஷிங்டனில் கூடாரம் அடித்திருந்தார்கள். ராணுவத்தை ஏவி அவர்களை விரட்டினார்கள். ஒரு கேளிக்கைப் படத்தை பெர்க்லி அவர்களைப் பற்றிய பாட்டோடு முடிக்கிறார். தெருவிளக்கின் கீழ் ஜோன் பிளாண்டெல் வரிகளைப் பாடாமல் பேசுகிறார். மேலே ஒரு சன்னலில் எட்டா மோட்டன் என்ற கறுப்பினப் பாடகி அதே வரிகளை ப்ளூஸாக ஏந்திக்கொள்கிறார். நடைபாதையில் சுருண்டு கிடப்பவனைப் போலீஸ்காரர் எழுப்ப, பிளாண்டெல் அவன் கோட்டைத் திருப்பி உட்புறம் குத்தியிருக்கும் பதக்கத்தைக் காட்டுகிறார். கொடியசைத்துப் போன படை, காயத்தோடு திரும்பும் படை, ரொட்டிக்கு நிற்கும் வரிசை. இந்தக் காட்சிக்கும் அதுவரை நடந்த காதல் கதைக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் இல்லாததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

நியூயார்க்கில் ஃப்ளைஷர் சகோதரர்களின் பெட்டி பூப் கார்ட்டூன்களில் ஜாஸுக்குக் கிடைத்த சுதந்திரம் முழுநீளப் படங்களில் கிடைக்கவில்லை. 1932இல் வந்த 'மின்னி தி மூச்சர்' ஜாஸ் பாடகர் கேப் காலோவேயும் அவருடைய குழுவும் நேரில் தோன்றுவதோடு தொடங்குகிறது. அவர் தரையில் வழுக்கிக்கொண்டு பின்னோக்கி நகர்கிறார். கால் எப்போது எடுத்து வைக்கிறார் என்றே தெரியவில்லை. பிறகு கார்ட்டூனுக்குள் அதே அசைவுகள் ஒரு குகைக்குள் வரும் வால்ரஸ் பேயின் அசைவுகளாகின்றன. ரோட்டோஸ்கோப் என்ற முறையில் காலோவேயின் படச்சட்டகங்களின்மேல் கோடு வரைந்து எடுத்தது அது. அதனால் கோட்டுருவத்துக்குள் ஒரு நிஜ மனிதரின் இடுப்பும் தோளும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு வந்த பெட்டி பூப் 'ஸ்னோ ஒயிட்'டில் ஒரு கோமாளி, பேயாக மாறி, அவர் குரலில் மரணத்தைப் பற்றிப் பாடுகிறான். குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்துக் காட்டிய ஏழு நிமிடப் படத்தில் இவ்வளவு இருட்டும் இவ்வளவு துள்ளலும்! 1934 நடுவில் தயாரிப்புத் தணிக்கை விதிகள் கறாராக நடைமுறைக்கு வந்தபின் பெட்டி பூப்பின் பாவாடை நீண்டது, அந்தப் பேய்த்தனமும் அடங்கிப்போனது.

இனி வெட்டுக்கு வருவோம். ஒலி இசைத்தட்டில் இருந்தவரை நடுவில் ஒரு துண்டை வெட்டுவது பெரும் தொல்லை. 1930களின் தொடக்கத்தில் ஒலி படச்சுருளின் ஓரத்துக்கே வந்துவிட்டதும் கத்தரிக்கு வழி திறந்தது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பரை வெள்ளையருக்குச் சமமாகக் காட்டும் எதையும் உள்ளூர்த் தணிக்கையாளர்களும் தியேட்டர்காரர்களும் நீக்கினார்கள். ஸ்டூடியோக்கள் அதை எதிர்க்கவில்லை. வெட்டுவதற்கு வசதியாகவே எடுத்துக் கொடுத்தார்கள். எம்ஜிஎம் 1942இல் ஒப்பந்தம் செய்த கறுப்பினப் பாடகி லீனா ஹோர்ன் பல படங்களில் ஒரு தூணருகே நின்று பாடிவிட்டு மறைகிறார். கதாபாத்திரங்கள் அவரோடு பேசுவதில்லை. காட்சியை எடுத்துவிட்டால் ஒட்டுப் போட்ட தடம் கூடத் தெரியாது. 'தி லிட்டில் கர்னல்' (1935) படத்தில் 56 வயதுக் கறுப்பின நடனக்காரர் பில் ராபின்சன் ஆறு வயது ஷெர்லி டெம்பிளின் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஆடுவது இன்று யார் பார்த்தாலும் முகம் மலரும் காட்சி. மரத்தால் அடிபோட்ட காலணி. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு சுருதி. தாத்தாவும் பேத்தியும்போல் இருக்கும் அந்தக் கைப்பிடிப்பைத் தென் மாநிலப் பிரதிகளில் வெட்டினார்கள்.

ஆனால் வெட்டத்தக்கதாக எடுத்த காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. இவற்றை ஆக்கியவர்களுக்குக் கதையின் சுமை இல்லை. மார்க்ஸ் சகோதரர்களின் 'எ டே அட் தி ரேசஸ்' (1937) படத்தில் ஐவி ஆண்டர்சன் பாட, ஹார்லெமின் சவாய் நடனக்கூடத்திலிருந்து வந்த லிண்டி ஹாப் நடனக் குழு புழுதிக்களத்தில் ஆடும் இரண்டு மூன்று நிமிடம் படத்தின் மற்ற எல்லாவற்றையும்விட வேகமானது. அந்தக் காட்சி மார்க்ஸ் சகோதரர்கள் முகத்தில் கிரீஸ் பூசிக் கறுப்பராக ஒளிந்துகொள்வதோடு முடிவது வேதனை. 1941இல் 'ஹெல்ஸாபாப்பின்' படத்தில் அதே மரபைச் சேர்ந்த குழு மறுபடி வருகிறது. ஃபிராங்கி மேனிங், நார்மா மில்லர் முதலியவர்கள் சமையல்காரர், பணிப்பெண், மெக்கானிக் உடையில் இருக்கிறார்கள். எஜமானர்கள் இல்லாத நேரத்தில் அங்கே கிடக்கும் வாத்தியங்களை வேலையாட்கள் எடுத்து வாசிக்கிறார்கள், பிறகு ஆடுகிறார்கள். ஜோடியைத் தோளுக்குமேல் சுழற்றி வீசிக் கீழே தரை தொடும் முன் பிடிக்கும் அந்த ஆட்டம், நடனமும் கழைக்கூத்தும் சேர்ந்த ஒன்று. காமிரா குறுக்கிடாமல் தள்ளி நின்று பார்க்கிறது. மேனிங் தன் ஜோடிகளுக்கு அமைத்த அடவுகளை இன்றும் பல நாடுகளில் லிண்டி ஹாப் கற்பவர்கள் அந்தப் படத்துண்டைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

பிரெட் அஸ்டேர் பற்றியும் ஒரு வார்த்தை. நடனத்தில் முழு உடலும் தெரிய வேண்டும், வெட்டு குறைவாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அந்தப் பிடிவாதத்தின் கடன் காலணியால் தாளம் தட்டி ஆடும் கறுப்பின டாப் நடனக்காரர்களுக்குத்தான். 1936இல் 'ஸ்விங் டைம்' படத்தில் பில் ராபின்சனைப் போற்றுவதற்கு அவர் அமைத்த ஆட்டத்தில் தன் மூன்று பெரிய நிழல்களோடு போட்டியிடுகிறார். நிழல்கள் ஈடுகொடுக்க முடியாமல் விலகிப்போகின்றன. அபாரமான கற்பனை. அதையும் முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் ஆடினார்.

'ஸ்டார்மி வெதர்' (1943) ஃபாக்ஸ் நிறுவனம் முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களை வைத்து எடுத்தது. ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் இருபதை ஒட்டிய ஆட்டபாட்டங்கள். ராபின்சன், லீனா ஹோர்ன், காலோவே, அந்த ஆண்டு டிசம்பரில் காலமான ஃபேட்ஸ் வாலர் எல்லாரும் இருக்கிறார்கள். கதை நூலிழை. கடைசியில் நிக்கலஸ் சகோதரர்கள் வருகிறார்கள். ஃபயார்ட், ஹரால்டு இருவரும் முறையாக எந்த ஆசிரியரிடமும் நடனம் பயிலாதவர்கள். அப்பா அம்மா வாசித்த தியேட்டரில் உட்கார்ந்து மேடையைப் பார்த்தே கற்றவர்கள். வாத்தியக்காரர்களின் நடுவே சிறு மேடைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறார்கள். பியானோமேல் ஏறுகிறார்கள். பிறகு அகன்ற வெள்ளைப் படிக்கட்டு. தம்பி ஒரு படியில் நிற்க, அண்ணன் அவர் தலைக்குமேல் தாவி அடுத்த படியில் இரு கால்களையும் அகல விரித்து விழுகிறார். கை ஊன்றாமல் எழுகிறார். இப்போது தம்பியின் முறை. இப்படியே கடைசிப் படிவரை. ஒத்திகை பார்க்காமல் ஒரே தடவையில் எடுத்தது என்று ஃபயார்ட் பின்னாளில் சொன்னார். கோட்டின் வாலும் டையும் ஒழுங்கு குலையாமல் இருக்கின்றன. தான் பார்த்த இசைப்பட ஆட்டங்களில் இதுவே உச்சம் என்று அஸ்டேர் அவர்களிடம் சொன்னதாகப் பதிவு. அதன் பிறகும் அவர்களுக்குப் படங்களில் பேசி நடிக்கும் வேடங்கள் அபூர்வமாகவே கிடைத்தன.

1944இல் வார்னருக்காகப் புகைப்படக்காரர் ஜான் மிலி இயக்கிய 'ஜாமின் தி ப்ளூஸ்' பத்து நிமிடம்தான். நார்மன் கிரான்ஸ் இசைக்கலைஞர்களைத் திரட்டினார். முதலில் இருட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டங்கள். என்னவென்று புரிவதற்குள் அது மெல்ல நிமிர்கிறது: லெஸ்டர் யங்கின் தட்டைத் தொப்பி. கீழே முகம், சிகரெட் புகை, பிறகு சாக்ஸபோன். லாயம் இல்லை, சமையலறை இல்லை, காடு இல்லை, சேவகர் உடை இல்லை. வாசிக்கும் மனிதர்கள் மட்டும். குழுவில் கிதார் வாசித்த பார்னி கெஸல் வெள்ளையர். அவரை நிழலில் உட்கார வைத்து, குளோஸப்பில் தெரிந்த கைகளுக்குப் பழச்சாறு தடவிக் கருமையாக்கினார்கள். பிகார்டின் முகத்தில் பூசிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பயம் அவர்களை விடவில்லை. ஆனால் இம்முறை கறுப்பர்களின் குழுவில் இடம்பெறுவதற்காக ஒரு வெள்ளையர் மறைந்திருக்க வேண்டியதாயிற்று. படம் குறும்படப் பிரிவில் ஆஸ்கருக்குப் பரிந்துரையானது.

தொடக்கத்தில் சொன்ன வைட்டாஃபோன் படங்களில் பலவற்றின் படச்சுருளும் இசைத்தட்டும் வெவ்வேறு கைகளுக்குப் போய்ப் பிரிந்துவிட்டன. பழைய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர் 1991இல் வைட்டாஃபோன் புராஜெக்ட் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, தங்களிடமும் பிறரிடமும் கிடக்கும் தட்டுகளை ஆவணக்காப்பகங்களில் ஊமையாகக் கிடக்கும் சுருள்களோடு பொருத்தத் தொடங்கினார்கள். அப்படி ஒலி திரும்பிய குறும்படங்கள் பல இன்று பார்க்கக் கிடைக்கின்றன. 1929இல் வசூலில் சக்கைப்போடு போட்ட வார்னரின் வண்ணப்படம் 'கோல்டு டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே'க்கு அந்த அளவு அதிர்ஷ்டம் இல்லை. அதன் ஒலித்தட்டுகள் முழுசாக இருக்கின்றன. படத்தில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. மிஞ்சியிருக்கும் சுருள்களில் இருப்பவை பெரும்பாலும் ஆட்டமும் பாட்டும்தான்.